பீப்பாயில் புகுந்த திருடன்! – லூயி பாஸ்டரின் வாழ்க்கைக் கதை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரம் கரிசல் பூமி. மழையை நம்பி வாழும் மானாவாரிச் சீமை. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மண். ஊருக்கு ஊர் பனைமரங்கள் நிற்கும்.

பனையேறுகிறவர், பாளையில் கலயம் கட்டுவதற்கு முன்னால் அதன் உள்ளே சுண்ணாம்பு தடவுவார். காலையில் இறக்கினால் அது பதநீர். தேன் போல இனிக்கும். காய்ச்சினால் கருப்பட்டி ஆகும். சுண்ணாம்பு தடவாமல் விட்டால், அதே சாறு நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். இன்னும் சில நாள் வைத்தால் காடியாகிவிடும். வாயில் வைக்க முடியாது.

மரம் ஒன்றுதான். சாறும் ஒன்றுதான். ஒரு கலயத்தில் இனிப்பது, இன்னொரு கலயத்தில் ஏன் புளிக்கிறது?

சுண்ணாம்பின் குணம் நம் பனையேறிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் என்ன என்பதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பனையேறி அல்ல. மது வடிப்பவரும் அல்ல. ரசாயன ஆசிரியர். கெட்டுப்போன ஒரு சாராயத் தொட்டியில் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி, வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடிப்பதில் போய் முடிந்தது.

அவர்தான் லூயி பாஸ்டர்.

தோல் பதனிடும் குடும்பம்

பிரான்சு நாட்டில் டோல் என்ற சிற்றூரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் படையில் சிப்பாயாக இருந்து ஊர் திரும்பியவர். பிறகு அந்தக் குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபோயிற்று. அது திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்.

சிறுவன் லூயிக்குப் படிப்பைவிடப் படம் வரைவதில் ஆசை அதிகம். பெற்றோரையும் ஊர்க்காரர்களையும் வண்ணக் குச்சியால் அச்சு அசலாக வரைந்து விடுவான். கண் பார்த்ததைக் கை அப்படியே எழுதும். அந்தக் கண்தான் பின்னாளில் அவருக்குப் பெரிய சொத்தாயிற்று.

1831-ம் ஆண்டில் அந்த ஊரையே நடுங்கச் செய்த ஒரு சம்பவம் நடந்தது. வெறிபிடித்த ஓநாய் ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து பலரைக் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. கொல்லன் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, கடிவாயில் சூடு போடுவார்கள். அந்த மனிதர்களின் அலறல் எட்டு வயதுச் சிறுவன் லூயியின் காதில் விழுந்தது. அவன் அதை மறக்கவே இல்லை.

மேல்படிப்புக்காக 1838-ல் பாரீசுக்கு அனுப்பினார்கள். பையனுக்கு ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. தகப்பனார் போய்த் திரும்ப அழைத்து வந்தார். ஒரு பரீட்சையில் ரசாயனப் பாடத்தில் சுமாரான மார்க்குதான் வாங்கினார். ஆனாலும் விடவில்லை. மறுபடி பாரீசுக்குப் போனார். இரவு பகலாகப் படித்தார். 1848-ல், தம் இருபத்தைந்தாம் வயதில், திராட்சை மதுவில் படியும் உப்புகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியால் பெயர் பெற்றார்.

1849-ல் திருமணம் நடந்தது. மனைவி மேரி, கல்வி அதிகாரி ஒருவரின் மகள். கணவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதிக் கொடுத்தவர். கடைசி வரை அவருக்கு வலக்கையாக இருந்தவர்.

சாராய ஆலையில் ஒரு தொல்லை

1854-ல் லீல் என்ற தொழில் நகரத்தில் பாஸ்டர் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கே பீட்ரூட் கிழங்குச் சாற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் எடுக்கும் ஆலைகள் இருந்தன.

1856-ம் ஆண்டு. பிகோ என்ற ஆலை முதலாளி கவலையோடு அவரைத் தேடி வந்தார். அவருடைய மகன் பாஸ்டரிடம் படித்துக்கொண்டிருந்தான். ஆலையில் சில தொட்டிகள் நன்றாகப் பொங்குகின்றன. சில தொட்டிகள் மட்டும் கெட்டுப்போய்ப் புளிக்கின்றன. நஷ்டம் தாங்க முடியவில்லை. காரணமும் புரியவில்லை என்று முறையிட்டார்.

வேறொருவராக இருந்தால் இது படித்தவன் பார்க்கிற வேலையா என்று கேட்டிருப்பார். பாஸ்டர் அப்படிக் கேட்கவில்லை. நேராக ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியிலிருந்து கொஞ்சம் சாறு எடுத்தார். கெட்ட தொட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார். இரண்டையும் தனித்தனியாக மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தார்.

நல்ல சாற்றில் உருண்டை உருண்டையான சிறு மணிகள் தெரிந்தன. அவை ஈஸ்டு என்னும் நுண்ணுயிர். ஒரு மணியிலிருந்து இன்னொரு மணி மொக்கு விட்டுப் பெருகிக்கொண்டிருந்தது.

கெட்ட சாற்றில் கதையே வேறு. உருண்டை மணிகளோடு, அவற்றைவிட மிகச் சிறிய குச்சி போன்ற உருவங்கள் திரள் திரளாக இருந்தன. அந்தச் சாற்றைச் சோதித்தபோது, புளித்த பாலில் இருக்கும் அமிலம் அதில் இருந்தது.

திருடன் அகப்பட்டுவிட்டானா? பாஸ்டர் அவசரப்படவில்லை. திருட்டு நடந்த வீட்டில் ஒருவன் நின்றான் என்பதற்காக அவன்தான் திருடன் என்று சொல்லிவிட முடியாது அல்லவா? அதனால் அந்தச் சாம்பல் நிறப் பொருளில் துளி எடுத்தார். வேறொரு தெளிந்த சர்க்கரைச் சாற்றில் போட்டார். வெதுவெதுப்பான இடத்தில் வைத்தார். அந்தச் சாறும் புளித்தது. குச்சிகளும் பெருகின. அதிலிருந்து துளி எடுத்து இன்னொரு சாற்றில் போட்டார். அதுவும் புளித்தது.

இப்போது சந்தேகம் தீர்ந்தது. ஈஸ்டு சர்க்கரையைத் தின்று சாராயத்தை உண்டாக்குகிறது. இந்தக் குச்சிக் கிருமி அதே சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகிறது. வேண்டாத கிருமி தொட்டியில் புகுந்துவிட்டால் சரக்கு கெடும். இதை 1857-ல் உலகத்துக்கு அறிவித்தார்.

பெரியவர்களோடு மோதல்

ஈஸ்டு உயிருள்ள பொருள் என்று அதற்கு முன்பே சிலர் சொன்னதுண்டு. பெரிய ரசாயன மேதைகள் அவர்களைக் கேலி செய்தார்கள். ஜெர்மனி நாட்டின் லீபிக் என்ற மேதை, புளிப்பது வெறும் ரசாயன மாற்றம்தான், உயிருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சாதித்தார்.

இன்னொரு கூட்டம், கிருமிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தது. அழுகும் பொருளில் உயிர் தானே முளைக்கும் என்பது அவர்கள் கட்சி.

பாஸ்டர் ஒரு கண்ணாடிக் குடுவை செய்தார். அதன் கழுத்து அன்னப் பறவையின் கழுத்துபோல வளைந்து நீண்டிருக்கும். உள்ளே சாற்றை ஊற்றிக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகலாம். ஆனால் காற்றோடு வரும் தூசி வளைவிலேயே தங்கிவிடும். மாதக் கணக்கில் வைத்தும் சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்துத் தூசி விழ விட்டார். சில நாட்களில் கெட்டுவிட்டது. குற்றவாளி காற்று அல்ல; காற்றில் மிதக்கும் தூசியோடு வரும் கிருமி என்று விளங்கிவிட்டது. 1862-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் இதற்காக அவருக்குப் பரிசு அளித்தது.

சக்கரவர்த்தியின் கவலை

பிரான்சு நாட்டுக்குத் திராட்சை மது பெரிய வியாபாரம். அது வெளிநாடு போகும் வழியிலேயே கெட்டுப் போயிற்று. சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் 1863-ல் பாஸ்டரின் உதவியை நாடினார். பாஸ்டர் தாம் வளர்ந்த ஆர்புவா ஊரிலேயே ஆராய்ச்சி செய்தார். புளித்த மதுவில் ஒரு வகைக் கிருமி. கசந்த மதுவில் இன்னொரு வகை. நூல் போல இழுபட்ட மதுவில் மற்றொரு வகை. பூதக்கண்ணாடியில் பார்த்தே எந்த மது என்ன ஆகும் என்று சொன்னார்.

காரணம் தெரிந்தது. பரிகாரம் என்ன? கொதிக்க வைத்தால் மதுவின் ருசி போய்விடும். பலவிதமாகச் சோதித்துப் பார்த்தார். 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினாலே போதும், கெடுக்கும் கிருமி செயல் இழந்துவிடும், ருசியும் கெடாது என்று கண்டார். அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று பால் பாக்கெட்டில் பாஸ்சுரைஸ் செய்யப்பட்டது என்று பார்க்கிறீர்களே, அது பாஸ்டரின் பெயர்தான். பாலுக்கு அந்த முறையைப் பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரமோ, 72 டிகிரியில் 15 வினாடியோ சூடாக்கி உடனே குளிர வைக்கிறார்கள்.

இடிமேல் இடி

வெளியே புகழ் வளர்ந்தது. வீட்டிலோ துக்கம். 1859-ல் மூத்த மகள் ஜீன் ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். 1865-ல் இரண்டு வயதுக் குழந்தை கமில் இறந்தது. அடுத்த ஆண்டே பன்னிரண்டு வயது மகள் செசில், அதே டைபாய்டில் போய்விட்டாள். ஐந்து குழந்தைகளில் மூன்று மண்ணுக்குப் போயின.

மதுவைக் கெடுப்பது கிருமி என்றால், மனித உடம்பைக் கெடுப்பதும் கிருமியாக இருக்கலாம் அல்லவா? அந்தக் கேள்வி அவரை விடாமல் துரத்தியது. அது வெறும் புத்தகக் கேள்வி அல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனின் கேள்வி.

1868-ல் அவருக்கே பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் சோர்ந்தன. வயது நாற்பத்தைந்துதான். இனி எழுந்திருக்கமாட்டார் என்று பலர் நினைத்தார்கள். அவர் எழுந்தார். காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டே மறுபடியும் வேலையைத் தொடங்கினார்.

பீர் வடிப்பவர்களுக்குச் சொன்ன பாடம்

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூண்டது. பிரான்சு தோற்றது. பீர் வடிப்பதில் ஜெர்மானியர்தான் பெயர் பெற்றவர்கள். அந்தத் தொழிலிலாவது அவர்களை வெல்ல வேண்டும் என்று பாஸ்டருக்கு ரோஷம் வந்தது. இத்தனைக்கும் அவர் பீர் பிரியர் அல்ல. ஒரு பீருக்கும் இன்னொரு பீருக்கும் ருசி பேதம் தெரியாமல் அவர் விழிப்பதைப் பார்த்து நண்பர் பெர்த்தேன் கேலி செய்வாராம்.

பீர் என்பது என்ன? வாற்கோதுமையை முளைகட்டி, காயவைத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு. அதில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஈஸ்டு சேர்ப்பார்கள். சில நாளில் பொங்கிப் பீராகும். ஆனால் ஒரு தடவை நன்றாக வரும். மறுதடவை புளித்துப் போகும். இன்னொரு தடவை கஞ்சிபோல் கொழகொழக்கும். வடிப்பவர் தலையில் கைவைத்து உட்கார்ந்து விடுவார். வானிலையையோ, தலைவிதியையோ நொந்துகொள்வார்.

1871-ல் பிரான்சிலேயே ஒரு சிறு பீர் ஆலையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு லண்டனில் விட்பிரெட் என்ற பெரிய ஆலைக்குப் போனார். அங்கே கையாண்ட ஈஸ்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். உருண்டை மணிகளுக்கு நடுவே வேண்டாத கிருமிகள் நெளிந்தன. இந்தச் சரக்கு சரியாக இராதே என்று சொன்னார். ஆலைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். ருசி பார்க்காமல் பீரின் குறையைச் சொன்ன மனிதரை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி போனபோது, ஆலைக்கே சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்!

பீர் கெட்டால் எங்கே தேட வேண்டும்? பாஸ்டரின் ஆராய்ச்சி வழி காட்டியது. முதலில் ஈஸ்டைப் பார்க்க வேண்டும். அதிலேயே கெட்ட கிருமி கலந்திருந்தால், ஒரு தொட்டியின் நோய் அடுத்த தொட்டிக்கும் ஒட்டும். அடுத்து, பாத்திரமும் குழாயும் சுத்தமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சாறு ஆறும் நேரம். கொதிக்கும் சாற்றில் கிருமி பிழைக்காது, ஆனால் திறந்து வைத்து ஆறவிட்டால் தூசியோடு கிருமி வந்து விழும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் திருடன் புகுந்த ஓட்டை தெரிந்துவிடும். புட்டியில் அடைத்த பீரை 55 டிகிரி அளவில் சூடாக்கினால் நாள்பட இருக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து 1876-ல் பீரைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார்.

கதை அதோடு முடியவில்லை. டென்மார்க் நாட்டில் கார்ல்ஸ்பர்க் ஆலையின் முதலாளி யாக்கப்சன், பாஸ்டரிடம் பெருமதிப்புக் கொண்டவர். அவர் தம் ஆலையில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அங்கே பாஸ்டர் சொன்னபடி எல்லாம் செய்தும் பீர் சில சமயம் கெட்டது. ஹான்சன் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். ஈஸ்டிலேயே நல்ல ஜாதி, காட்டு ஜாதி என்று உண்டு. காட்டு ஈஸ்டு கலந்தாலும் பீர் கெடும் என்று கண்டார். ஒரே ஒரு நல்ல ஈஸ்டு மணியை எடுத்துப் பெருக்கினார். 1883-ல் அந்தத் தூய ஈஸ்டில் பீர் வடித்தார்கள். கெடுதல் நின்றது. யாக்கப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை. மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். பாஸ்டர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கினார். விஞ்ஞானம் வளர்வது அப்படித்தான்.

நம் வீட்டிலும் அதே கதை

நம் அடுப்பங்கரையிலும் இது நாள்தோறும் நடக்கிறது. இட்லி மாவைப் பொங்கச் செய்வது நுண்ணுயிர். பாலில் உறை ஊற்றினால் தயிராக்குவதும் நுண்ணுயிர். பழைய உறைமோர் கெட்டிருந்தால் புதிய தயிரும் கெடும். பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு, காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிரைப் பெருக விடாமல் தடுக்கிறது. அதனால்தான் பதநீர் இனிக்கிறது. எல்லாக் கிருமியும் பகை அல்ல. வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்துகொள்வதே அறிவு.

ஆட்டுக்கு ஊசி, பிள்ளைக்கு ஊசி

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அடைப்பான் நோய் தெரியும். காலையில் மேய்ந்த ஆடு மாலையில் செத்து விழும். வீரியம் குறைத்த கிருமியையே ஊசியாகப் போட்டால் நோய் வராமல் தடுக்கலாம் என்று பாஸ்டர் சொன்னார். பலர் சிரித்தார்கள். 1881-ம் ஆண்டு மே மாதம் புயி-லெ-போர் என்ற கிராமத்தில் பகிரங்கச் சோதனை நடந்தது. பாதி ஆடுகளுக்குத் தடுப்பு ஊசி போட்டார், பாதிக்குப் போடவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் கொடிய நோய்க் கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ந் தேதி கூட்டம் கூடியது. ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. போடாத ஆடுகள் செத்துக்கிடந்தன. மிஞ்சியவையும் சாகும் தறுவாயில் இருந்தன. சிரித்தவர்கள் கை தட்டினார்கள்.

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரைத் தாய் அழைத்து வந்தாள். வெறிநாய் அவனைப் பல இடங்களில் குதறியிருந்தது. பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்து நாய்களுக்குப் போட்டுப் பார்த்திருந்தார். மனிதருக்குப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போடாவிட்டால் பையன் செத்தாலும் சாவானே! அவர் டாக்டர் அல்ல. ஊசி போட அவருக்கு உரிமையும் இல்லை. டாக்டர்களைக் கலந்தார். டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். பத்து நாட்களில் 13 ஊசிகள். அந்த இரவுகளில் பாஸ்டர் தூக்கம் இல்லாமல் தவித்தார்.

பையன் பிழைத்தான்.

கொல்லன் பட்டறையில் கேட்ட அலறலுக்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்தது.

குன்னூர் வரை வந்த புகழ்

பல நாட்டு மக்கள் அனுப்பிய நன்கொடையில் 1888-ல் பாரீசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி அவர் காலமானார். அந்த நிலையத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் காப்பாற்றிய சிறுவன் மெய்ஸ்டர், வளர்ந்தபின் அங்கேயே காவலாளியாக வேலை பார்த்தார்.

நம் நீலகிரியில் குன்னூரிலும் 1907-ல் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. வெறிநாய்க்கடி மருந்து தயாரித்து எத்தனையோ உயிர்களைக் காத்த இடம் அது.

இன்றும் வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது. ஆனால் முன்கூட்டி ஊசி போட்டால் தடுத்துவிடலாம். நாய் கடித்தால் சுண்ணாம்போ மிளகாயோ வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை ஊசி என்று டாக்டர் சொல்கிறாரோ அத்தனையும் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஒரு ஆலைக்காரரின் நஷ்டத்தை அற்பம் என்று பாஸ்டர் ஒதுக்கியிருந்தால், அந்த ஊசி அவர் கையிலிருந்து வந்திருக்காது. கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டுப் போகாமல், ஏன் கெட்டது என்று குனிந்து பார்த்தார். அதனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள்.